ரன்அவுட் டேட்டா ஒரு பக்கமாகவே சாய்கிறது, சிபிகே எப்படிப் போடுவது?

சேதராப்பட்டு_கியூசி:

எல்லோருக்கும் வணக்கம். பாண்டி சேதராப்பட்டில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் குவாலிட்டி பார்க்கிறேன், இரண்டு வருஷம்தான் அனுபவம், அதனால் கேள்வி சில்லறையாக இருந்தால் திட்டாமல் பதில் சொல்லுங்கள். ஸ்டீல் புஷ் டர்னிங் செய்து கொடுக்கிறோம். துளைக்கும் வெளிவிட்டத்துக்கும் ரன்அவுட் (பீஸைச் சுற்றும்போது டயல் முள் ஆடும் அளவு) அதிகபட்சம் 50 மைக்ரான் என்று டிராயிங்கில் இருக்கிறது. கஸ்டமர் சிபிகே (ஸ்பெக் எல்லைக்குள் எவ்வளவு இடம் மிச்சம் வைத்து மெஷின் ஓடுகிறது என்று சொல்லும் எண்) 1.33 காட்டச் சொல்கிறார், அடுத்த வாரம் ஆடிட்.

125 பீஸ் அளந்தேன். சராசரி 16 மைக்ரான், சிக்மா (அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 9.5, ஆகப் பெரியது 47. அதாவது ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்லை. ஆனால் மென்பொருளில் போட்டால் சிபிகே 0.56 என்று சிவப்பில் காட்டுகிறது! மேனேஜரிடம் கொண்டுபோனால் "மெஷின் நல்லாத்தானே ஓடுது, நீ என்னத்த அளந்த" என்கிறார். ஹிஸ்டோகிராம் பார்த்தேன், மணி மாதிரி இல்லை, இடது பக்கம் 10, 12 மைக்ரானில் குவிந்து வலது பக்கம் வால் மாதிரி நீண்டு போகிறது. ஆண்டர்சன்-டார்லிங் சோதனையில் பி-வேல்யூ 0.005-க்குக் கீழே, நார்மல் இல்லை என்று சொல்லிவிட்டது.

பக்கத்து கம்பெனி நண்பர் பாக்ஸ்-காக்ஸ் (டேட்டாவை நார்மல் வடிவத்துக்கு மாற்றும் உத்தி) போட்டுவிடு என்றார். போட்டேன், ஸ்பெக் எல்லை பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று எர்ரர் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.


மேட்டுப்பாளையம்_லேத்:

தம்பி, அந்த எர்ரரிலேயே பதில் இருக்கிறது. கீழ் எல்லை என்ற கட்டத்தில் 0 அடித்திருக்கிறீர்கள், சரிதானே? அதை அழித்துவிட்டுக் காலியாக விடுங்கள். ரன்அவுட் பூஜ்யத்துக்குக் கீழே போகவே முடியாது, அது இயற்கை போட்ட சுவர், கஸ்டமர் போட்ட ஸ்பெக் இல்லை. நீங்கள் 0 என்று கொடுத்ததும் மென்பொருள் என்ன செய்கிறது, 16-லிருந்து 0 எவ்வளவு தூரம் என்று பார்த்து அதை மூன்று சிக்மாவால், அதாவது 28.5-ஆல் வகுக்கிறது, 0.56 வந்துவிடுகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல பீஸுக்கெல்லாம் உங்களுக்குத் தண்டனை! மேல் எல்லையை மட்டும் வைத்தால் 50 கழித்தல் 16, 34, அதை 28.5-ஆல் வகுத்தால் 1.19.

இதே தப்பை நானும் ஒரு காலத்தில் செய்து ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டவன்தான். (நான் சொல்வது நம்ம பாண்டி மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்க்காரர்கள் யாரும் ஊட்டி ரயிலைப் பற்றிக் கேட்க வேண்டாம்.)

அப்புறம் இரண்டு விஷயம். 9.5 என்பது 125 பீஸையும் ஒன்றாகப் போட்டு எடுத்த சிக்மா என்றால் நீங்கள் சொல்வது பிபிகே, சிபிகே இல்லை (சிபிகேக்குச் சின்னச் சின்னக் குழுக்களுக்குள் இருக்கும் சிக்மாவைத்தான் எடுக்க வேண்டும்), ஆடிட்டர் இதில்தான் முதலில் பிடிப்பார். இரண்டாவது, உங்கள் அளவுகளின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 5, 10, 15, 20 என்றே வருகிறதா? டயல் ஒரு மைக்ரான் காட்டினாலும் அளக்கிறவர் முள்ளைப் பார்த்துக் கிட்டத்தட்ட எழுதினால் டேட்டா படிக்கட்டு மாதிரி ஆகிவிடும், அந்தப் படிக்கட்டுக்காகவே ஆண்டர்சன்-டார்லிங் சோதனையில் டேட்டா தோற்கும், பரவல் சாய்வா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.


முந்திரிக்கொட்டை:

பேருக்கேற்ற மாதிரி நடுவில் நுழைகிறேன். கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் லேப். எங்கள் டேட்டா முழுக்க இப்படித்தான், வேண்டாத பொருளின் கலப்பு அளவு பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) வரும், பெரும்பாலும் 3, 4, 5, திடீரென்று ஒரு நாள் 22. யோசிக்காமல் லாக் (மடக்கை) போடுங்கள், நார்மலாக வந்து உட்காரும், அதில் சிபிகே போட்டு அனுப்புங்கள், முடிந்தது கதை. பத்து வருஷமாக இதுதான் செய்கிறேன், ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒரே எச்சரிக்கை, டேட்டாவில் 0 இருந்தால் லாக் எடுக்க முடியாது. எங்களுக்கு அது "கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று வரும், அந்த இடத்தில் சிலர் 0 போடுவார்கள், சிலர் எல்லையில் பாதி போடுவார்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சிக்மா கிடைக்கும். அந்தக் கூத்தைத் தனித் திரியாகவே எழுதலாம்.


சேதராப்பட்டு_கியூசி:

அண்ணா, நன்றி, 0-ஐ அழித்ததும் எல்லாம் ஓடுகிறது. கடைசி இலக்க விஷயமும் உண்மை, நைட் ஷிஃப்டில் எழுதியது பாதிக்கு மேல் 0-விலும் 5-லும் முடிகிறது. அதனால் நானே உட்கார்ந்து 125-ஐயும் மறுபடி அளந்தேன், சராசரியும் சிக்மாவும் ஏறக்குறைய அதேதான், பி-வேல்யூ மட்டும் கொஞ்சம் ஏறியது, ஆனாலும் 0.05-க்குக் கீழேதான்.

இப்போது வேறு பிரச்சினை. நார்மல் என்று வைத்தால் 1.19. லாக் எடுத்துப் போட்டால் 0.78. அதே லாக்நார்மலை (லாக் எடுத்தால் நார்மலாகும் பரவல்) மென்பொருளில் நார்மல் அல்லாத பரவல் என்ற பகுதியில் ஓட்டினால் 0.63. வெய்புல் என்ற இன்னொரு பரவலைத் தேர்ந்தெடுத்தால் 0.92. ஒரே 125 பீஸ், ஒரே டயல், நான்கு விடை. மேனேஜர் "எது பெருசோ அதை அனுப்பு" என்கிறார். அதிலும் 1.33 வரவில்லை என்பது வேறு கதை.


மஞ்சக்குப்பம்_வாத்தியார்:

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியன், இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வருவேன். தம்பியின் நான்கு விடையும் கணக்குப்படி சரி, அதுதான் சங்கடமே.

முதலில் 0.78-க்கும் 0.63-க்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம், இரண்டும் லாக்நார்மல்தானே என்று குழம்பியிருப்பீர்கள். முதலாவதில் ஸ்பெக்கையும் லாக் எடுத்து அந்த லாக் உலகத்திலேயே தூரத்தை அளக்கிறீர்கள். இரண்டாவதில் மைக்ரானிலேயே நின்று, இடைநிலை அளவிலிருந்து (சரிபாதி பீஸ் இதற்குக் கீழே இருக்கும்) ஸ்பெக் எவ்வளவு தூரம் என்பதை, இடைநிலையிலிருந்து 99.865-ஆவது நூற்றுமானம் எவ்வளவு தூரம் என்பதால் வகுக்கிறீர்கள். உங்கள் எண்களில் லாக்நார்மல் என்றால் இடைநிலை சுமார் 13.8, அந்த நூற்றுமானம் சுமார் 72 மைக்ரான். 36-ஐ 58-ஆல் வகுத்தால் 0.63-க்குப் பக்கத்தில் வரும். இரண்டு முறையும் வழக்கத்தில் இருப்பதுதான், ஆனால் எதில் போட்டது என்று எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இப்போது அந்த 72 மைக்ரானை யோசியுங்கள். நீங்கள் பார்த்ததில் பெரியது 47. 99.865 நூற்றுமானம் என்றால் சுமார் 740-இல் ஒரு பீஸ் தாண்டும் இடம். 125 பீஸ் அளந்தவர் 740-இல் ஒன்றைப் பற்றி எப்படிப் பேசுகிறார்? அவர் பேசவில்லை, அவர் தேர்ந்தெடுத்த வளைகோடு பேசுகிறது. லாக்நார்மல் என்றால் 50 மைக்ரானைத் தாண்டுவது பத்து லட்சத்தில் சுமார் 9,500, வெய்புல் என்றால் சுமார் 2,600, நார்மல் என்றால் 200-க்கும் கீழே. டேட்டா இருக்கும் இடத்தில் மூன்று கோடும் ஒட்டிக்கொண்டு போகும், டேட்டா முடிந்த இடத்துக்கு அப்பால் ஆளுக்கொரு திசை. சண்டையெல்லாம் அங்கேதான், அங்கே நம்மிடம் ஒரு பீஸ்கூட இல்லை.

வால் என்பது சாதாரண விஷயம் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்தபோது பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை, வருஷம் முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தினசரி மழைக் கணக்கில் அந்த நாள் வாலின் நுனியில் ஒரு புள்ளி. அதை அவுட்லையர் என்று வெட்டிவிட்டுச் சராசரி போடலாம், ஆனால் முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டையைத் தூக்கிப் பரணில் வைத்தவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

முந்திரிக்கொட்டை தம்பி சொன்ன "யோசிக்காமல் லாக்" எனக்கு ஒப்பவில்லை. அவருடைய கலப்பு அளவுக்கு லாக் பொருந்துவதில் நியாயம் உண்டு, பல காரணங்கள் ஒன்றை ஒன்று பெருக்கிக்கொண்டு போகும் இடத்தில் லாக்நார்மல் தானாக வரும். ரன்அவுட் அப்படிப் பிறப்பதில்லை. துளையின் மையம் குறுக்கே கொஞ்சம், நெடுக்கே கொஞ்சம் விலகுகிறது. அந்த இரண்டும் தனித்தனியாக நல்ல நார்மலாகவே, பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கட்டும். நீங்கள் அளப்பது எந்தத் திசை என்பதை அல்ல, மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை (ரன்அவுட் அதைப்போல் இரண்டு மடங்கு). வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் எடுத்த தூரம் எப்போதும் வலது பக்கம் சாய்ந்துதான் இருக்கும். இதற்கு ராலே பரவல் என்று பேர், வெய்புலில் வடிவ எண் 2 போட்டால் கிடைப்பது அதுதான். ஆக உங்கள் டேட்டா சாய்ந்திருப்பது நோய் இல்லை, அதன் பிறவிக் குணம். அதை நார்மலாக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ராலேயில் சிக்மாவைச் சராசரியால் வகுத்தால் எப்போதும் 0.52 வரும், சராசரி என்னவாக இருந்தாலும். உங்களுடையது 9.5 வகுத்தல் 16, 0.59. பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனாலும் வால் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் நீளம். எனக்கு இரண்டு கூட்டம் கலந்திருப்பதாகப் படுகிறது. 125 பீஸும் ஒரே மெஷினா?


சேதராப்பட்டு_கியூசி:

சார்... இல்லை. இரண்டு சிஎன்சி லேத். ஒரே புரோகிராம், ஒரே டூல், அதனால் ஒன்றாகவே போட்டுவிட்டேன். நல்லவேளையாக டிரே தனித்தனி, பிரித்துப் பார்க்க முடிந்தது.

முதல் லேத் 80 பீஸ், சராசரி 12, சிக்மா 6.3.
இரண்டாவது 45 பீஸ், சராசரி 23, சிக்மா 10.1. அந்த 47 மைக்ரான் பீஸும் இதில்தான்.

கணக்குப் போட்டேன், முதல் லேத்தில் 6.3 வகுத்தல் 12, 0.525! எனக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டாவதில் 0.44 வருகிறது, 0.52-ஐவிடக் குறைவு, அது ஏன்?


மஞ்சக்குப்பம்_வாத்தியார்:

குறைவாக இருந்தால் விலகல் பூஜ்யத்தைச் சுற்றி இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். நிரந்தரமாக ஒரு விலகல், அதன் மேல் வழக்கமான ஆட்டம். மெஷினில் எது அப்படித் தள்ளும் என்று எனக்குத் தெரியாது, லேத்காரர்தான் சொல்ல வேண்டும்.


மேட்டுப்பாளையம்_லேத்:

சக் ஜா, பீஸைப் பிடித்துக்கொள்ளும் தாடை. வேறென்ன. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இருந்தாலும் பார்த்துவிடுவோம், சுலபமான வழி இருக்கிறது. பீஸைக் கழற்றுவதற்கு முன்னால் ஒன்றாம் நம்பர் ஜா பிடித்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் மாண்ட்ரலில் (துளைக்குள் நுழையும் தண்டு) ஏற்றிப் பெஞ்ச் சென்டரில் (தண்டின் இரு முனையையும் தாங்கும் ஸ்டாண்ட்) சுற்றி, டயல் முள் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே இன்னொரு கோடு. இரண்டு மெஷினிலும் 20 பீஸ் போதும். உச்சக் கோடு எல்லாத் திசையிலும் சிதறினால் அது வெறும் ஆட்டம், ஒரே பக்கமாகக் கூடினால் அந்தப் பக்கத்து ஜா தேய்ந்திருக்கிறது, அல்லது ஜாவுக்கு அடியில் பிசிறு உட்கார்ந்திருக்கிறது.

மாண்ட்ரலைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். ஒரு துளி பிசிறு ஒட்டியிருந்தாலே 10 மைக்ரான் ஏமாற்றும்.


முந்திரிக்கொட்டை:

வாத்தியார் சார், லாக் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், பாதி. ஆனால் உங்கள் பதிலைப் படித்துவிட்டு என் 22 பிபிஎம் நாட்களை எடுத்துப் பார்த்தேன், ஐந்தில் நாலு நாள் ஒரே சப்ளையரின் டிரம்! பத்து வருஷமாக லாக் போட்டு அதை அழகாக மூடி வைத்திருக்கிறேன். இன்றைக்குத் தூக்கம் வராது.


சேதராப்பட்டு_கியூசி:

அண்ணா சொன்னபடி செய்தேன், ராத்திரி ஷிஃப்ட் முடிகிற நேரம், ஆபரேட்டர் அண்ணன் "என்னப்பா பீஸுக்கு மை வைக்கிற, திருஷ்டியா" என்று சிரித்தார். முதல் லேத்தில் 20 கோடும் கடிகாரம் மாதிரி சுற்றிச் சுற்றிச் சிதறிக் கிடக்கிறது. இரண்டாவது லேத்தில் 20-இல் 16 கோடு இரண்டாம் ஜாவுக்கும் மூன்றாம் ஜாவுக்கும் நடுவில். டிரேயில் வரிசையாக அடுக்கி ஒன்றாம் ஜா கோட்டை மேலே திருப்பி வைத்ததும் கண்ணுக்கே தெரிந்தது, கணக்கே தேவைப்படவில்லை. போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன், ஐந்து நிமிஷத்தில் ஷாப்புக்கே வந்துவிட்டார்.

சாஃப்ட் ஜா போர் செய்து (பீஸ் மையத்தில் உட்காரும்படி ஜாவின் உள்பக்கத்தைக் கடைந்து) பல மாசம் ஆகியிருக்கிறது, யாரும் எழுதி வைக்கவில்லை. நாளைக் காலை மறுபடி போர் செய்கிறார்கள். ஆடிட்டுக்கு என்ன எண் கொடுப்பது என்று சொல்லுங்கள்.


மேட்டுப்பாளையம்_லேத்:

பழைய 125-ஐக் கலந்து ஒரு எண்ணும் கொடுக்காதீர்கள். மெஷினுக்கு ஒரு பக்கம், தனித்தனியாக. முதல் லேத்துக்கு வடிவ எண் 2 வைத்த வெய்புலில் போட்டால், நான் கையால் போட்டுப் பார்த்தேன், இடைநிலை 11.3, 99.865 நூற்றுமானம் 34.8, ஆக 38.7-ஐ 23.5-ஆல் வகுத்து 1.65. ஏன் வெய்புல் என்று கேட்டால் வாத்தியார் சொன்ன காரணத்தையே இரண்டு வரியில் எழுதுங்கள். மென்பொருள் பட்டியலில் எந்தப் பரவலுக்கு பி-வேல்யூ அதிகமோ அதைப் பிடித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், நானே ஆடிட்டராக இருந்தால் அங்கேதான் தோண்டுவேன்.

பக்கத்திலேயே கன்ட்ரோல் சார்ட்டும் (அளவுகளைப் புள்ளியாக வைத்து, சராசரிக்கு மேலும் கீழும் மூன்று சிக்மாவில் கோடு போட்ட படம்) வையுங்கள், அளந்த வரிசையில். சார்ட்டுக்கு டேட்டா நார்மலாக இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு பயம் சுற்றுகிறது. 1924-இல் முதல் சார்ட்டை வரைந்த அமெரிக்கர் ஷூஹார்ட் மூன்று சிக்மாவை வைத்தது, எப்போது காரணத்தைத் தேடினால் செலவுக்குக் கட்டுப்படியாகும் என்ற கணக்கில்தான். கடுமையாகச் சாய்ந்த எக்ஸ்பொனென்ஷியல் பரவலில்கூட 98 சதவீதம் சராசரியிலிருந்து மூன்று சிக்மாவுக்குள் அடங்கிவிடும், நூற்றில் இரண்டு தடவை வீணாக ஓடிப்போய் மெஷினைப் பார்ப்போம், பார்த்தால் என்ன குறைந்துவிடும். ஆனால் இது சார்ட்டுக்கு மட்டும், பத்து லட்சத்தில் எத்தனை என்று எண் சொல்லும்போது சாய்வைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் ஆட்களின் வழக்கம்.

கீழ்க் கோடு மைனஸில் போகும், 12 கழித்தல் 19, மைனஸ் 7 மைக்ரான். மைனஸ் ரன்அவுட் எங்கேயும் விற்காது, அந்தக் கோட்டை வரையவே வேண்டாம்.


மஞ்சக்குப்பம்_வாத்தியார்:

லேத்காரர் சொல்வது சரி. ஒன்று மட்டும், 80 பீஸில் போட்ட 1.65 என்பது 1.65 இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே. உண்மையான எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற நம்பக எல்லையையும் சேர்த்து எழுதுங்கள், ஆடிட்டருக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.


சேதராப்பட்டு_கியூசி:

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆடிட் முடிந்தது. ஜா போர் செய்த பிறகு இரண்டாவது லேத்தில் 50 பீஸ் எடுத்தேன், சராசரி 13, சிக்மா 6.7. அதே முறையில் 1.48. ஆடிட்டர் எண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மை வைத்த பீஸ் டிரேயைக் கையில் எடுத்துப் பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 50 பீஸ் போதாது, மூன்று மாசம் கழித்து இரண்டு மெஷினிலும் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஜா போர் செய்த தேதியை எழுத மெஷின் கதவிலேயே ஒரு அட்டை தொங்கவிட்டாயிற்று.

முந்திரிக்கொட்டை அண்ணா, அந்த சப்ளையர் டிரம் என்ன ஆயிற்று?


முந்திரிக்கொட்டை:

பர்சேஸ்காரர்கள் "இதற்கு முன்னால் நீங்கள் சொல்லவே இல்லையே" என்கிறார்கள். லாக் போட்டேன் என்று எப்படிச் சொல்வது.